ஊன்மாடும் ஓவியச் சான்றும்

இங்கிலாந்தில் ஊனுக்கென வளர்த்த மாடுகளின் பழைய ஓவியங்களிற் பெட்டி போன்ற பேருடலும் அதனைத் தாங்கும் மெல்லிய கால்களும் காணப்படும். அவற்றை அக்கால மாட்டின் உருவத்திற்கு நேர்ச்சான்றாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது என யாம் கருதுகின்றோம்.

லெஸ்டர்சயரில் டிஷ்லி என்னுமிடத்து வாழ்ந்த இராபர்ட்டு பேக்வெல் (1725–1795) கண்ணால் மாடு தேர்வதில் வல்லவர். பீப்பாய் போன்ற உடல், சிறுத்த எலும்பு, விலைமிக்க பகுதிகளில் திரண்ட ஊன் ஆகியவற்றையே அவர் நாடினார். எனினும் கண்ணொன்றையே நம்பினாரல்லர். அறுத்த விலங்குகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் இட்ட ஊன்துண்டங்களையும் தம் மனையில் வைத்து ஒப்புநோக்கினார். அவர்பாற் பயின்ற ஜார்ஜ் கல்லி 1786இல் வெளியிட்ட நூலிலோ கையால் தொட்டறிதலும் வற்புறுத்தப்படுகிறது. கண்டது மெய்யா என்று கத்தியும் கையும் சோதித்த காலம் அது.

பேக்வெல்லுக்குப் பின்னர்க் கொழுத்த மாட்டின்மேல் வேட்கை மிகுந்தது. சார்லஸ் காலிங் வளர்த்த டர்ஹம் எருது, 1801 முதல் 1807இல் இறக்குங்காறும் ஊர்தோறும் வண்டியிற் கொண்டுசென்று காட்டப்பட்டது. 1802இல் ஜான் போல்ட்பி தீட்டிய அதன் உருவம் அச்சுப்படமாகப் பரவிற்று. ஓவியம் இங்ஙனம் விளம்பரமாயிற்று. விளம்பரத்தைச் சான்றென்பது எங்ஙனம்?

மரச்செதுக்கோவியர் தாமஸ் பிவிக்கு (1753–1828) எழுதிய தன்வரலாறு 1862இல் வெளிவந்தது. கால்நடைகளை வரையச் சென்ற தம்மிடம் முன்னரே தீட்டிய ஓவியமொன்றைக் காட்டி, தம் கண்ணுக்குப் புலப்படாத இடங்களிலும் கொழுப்புத் திரளைச் சேர்க்கக் கேட்டனர் என்கிறார். ஏனைய ஓவியர் சிலர் இசைந்தனராம். பிவிக்கு மறுத்தார், அவர் சென்ற பயணம் பயனின்றி முடிந்தது.