பழைய டிவியில் ஓடிடி பார்க்க எந்தக் கருவி? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மும்பை: தமிழ் அலைவரிசைகளுக்காகக் கேபிள் இணைப்பில் தனிக் கட்டணம் செலுத்தி வந்த மும்பைத் தமிழர்களுக்கு சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் போன்ற செயலிகள் மாற்று வழியாக அமைந்துள்ளன. இவற்றைச் சாதாரணத் தொலைக்காட்சியில் காண, அதனுடன் இணைக்கும் ஸ்ட்ரீமிங் கருவி ஒன்று போதுமானது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு அறிமுகமான அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி மென்பொருளில் இயங்கும் கருவிகள், விலை கூடிய ஆப்பிள் டிவி ஆகியவை சந்தையில் உள்ளன. கூகுள் நிறுவனம் குரோம்காஸ்ட் தயாரிப்பை 2024 ஆகஸ்ட்டில் நிறுத்தியது. எனவே கடைகளில் எஞ்சியுள்ள பழைய சரக்கை மலிவாகத் தந்தாலும் யோசித்தே வாங்க வேண்டும். சில பிராட்பேண்ட் திட்டங்களுடன் செட் டாப் பாக்ஸும் சேர்த்தே தரப்படுவதால், அதை முதலில் விசாரிப்பது நல்லது.

விளம்பரங்கள் 4கே தரத்தையே முன்னிறுத்துகின்றன. ஆனால் தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது வைஃபை வசதியையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்று மட்டுமே. சுவருக்குச் சுவர் ரூட்டர் இருக்கும் சந்துகளில் அனைவரும் அவற்றையே பங்கிட வேண்டியிருப்பதால் படம் அடிக்கடி நின்றுவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை எளிதில் ஊடுருவாது. பெரிய வீட்டில் குறையாகத் தெரியும் இந்தப் பண்பு, ஓர் அறை வீட்டில் நிறையாகிறது: பக்கத்து வீட்டு அலையின் இடையூறு குறையும். ஆகவே கருவி, ரூட்டர் இரண்டிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருப்பது அவசியம். முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேகம் தேவை என்கிறது நெட்ஃபிளிக்ஸ்.

அடுத்து, தொலைக்காட்சியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டும் கொண்ட பழைய பெட்டிகளுக்கு மாற்றி ஒன்று தேவை. லாமிங்டன் சாலைக் கடைகளில் அது கிடைக்கும். எனினும், பதிப்புரிமைப் பாதுகாப்பு ஏற்பாடு காரணமாகச் சில செயலிகள் அதன் வழியே படம் காட்ட மறுப்பதுண்டு.

'எல்லா சேனலும் இலவசம்' என விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. இத்தகைய சில பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே தீங்கு நிரல் புகுத்தப்பட்டிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூன் மாதம் எச்சரித்தது. 'பேட்பாக்ஸ் 2.0' எனப்படும் அந்த நிரல், வீட்டு இணைய இணைப்பையே குற்றவாளிகள் பயன்படுத்தும் வழியாக்கிவிடுகிறது. தவறு செய்தவர் எங்கோ இருக்க, இணைய முகவரி நம் வீட்டினுடையதாக இருக்கும். ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குவோர் 'பிளே புரொடெக்ட்' சான்று உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். அதை அணைத்துவிடுமாறு கடைக்காரர் கூறினால் அந்தப் பெட்டியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

'வைட்வைன் எல்1' உரிமம் இருக்கிறதா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அது இல்லாவிடில், 4கே எனப் பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் பல கட்டணச் செயலிகள் மங்கலான எஸ்டி தரத்திலேயே ஓடும்.

வாங்கிய பின் கருவியைத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் செருகுவது பலரின் வழக்கம். பல தொலைக்காட்சிகளில் அத்துளை அரை ஆம்பியர் மின்சாரமே தருவதால் கருவி தானாக அணைந்து மீண்டும் இயங்கலாம். உடன் வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் இணைத்தால் இச்சிக்கல் எழாது.