கணக்கு பார்த்த பிஷப்

ஒரே ஒரு கேள்வி. ஜான் வில்லியம் கொலென்ஸோவின் தலையெழுத்தையே அது மாற்றிவிட்டது.

கேட்டவர் வில்லியம் இங்கிடி. ஜூலு இனத்துக்காரர். பைபிளை ஜூலு மொழிக்குக் கொண்டுவர, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி ஆங்கிலிக்கன் பிஷப்பான கொலென்ஸோவுக்கு உதவிக்கொண்டிருந்தார். நோவா காலத்து வெள்ளம் வந்ததும் நிறுத்தினார். இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா ஐயா?

ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. மனிதர் அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1814ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, ஹாரோ பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். அவரது எண்கணிதப் புத்தகம் பள்ளிக்கூடங்களில் சக்கைப்போடு போட்டது. 1853ல்தான் நேட்டாலின் முதல் பிஷப் ஆனார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டார். மோசேயுடன் கிளம்பியவர்களில் படைக்குத் தகுதியான ஆண்கள் மட்டும் 6,03,550 பேர். ஆனால் தலைப்பிள்ளை ஆண்கள் 22,273 பேர்தான் என்கிறது எண்ணாகமம். வகுத்துப் பாருங்கள். ஒரு தலைப்பிள்ளைக்கு 27 ஆண்கள். இதில் சிறுவர்கள் சேர்த்தியில்லை! அப்படியென்றால் ஒவ்வொரு தாயும் எத்தனை பெற்றிருக்க வேண்டும்?

1862ல் புத்தகமாகப் போட்டுவிட்டார். எழுதியவர் நாத்திகரென்றால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பதவியிலிருக்கும் பிஷப்! கேப் டவுன் பிஷப் ராபர்ட் கிரே 1863ல் விசாரித்துப் பதவியைப் பறித்தார். அந்த அதிகாரம் கிரேவுக்குக் கிடையாது என்றது 1865ல் லண்டன் பிரிவி கவுன்சில். நடுவில் சம்பளத்தையும் நிறுத்திவைத்தார்கள். கணக்கு வாத்தியாருக்கே பாக்கி! கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்கினார்.

இந்தச் சண்டையில் நேட்டால் வெள்ளைக்காரர்களில் பலர் அவர் பக்கம்தான். 1873 வரை.

அந்த வருஷம் லாங்கலிபலேலே என்ற ஹ்லூபி இனத் தலைவர்மீது அரசு பாய்ந்தது. அவருடைய ஆட்கள் வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்துச் சம்பாதித்து வாங்கிய துப்பாக்கிகளைப் பதிவு செய்யவில்லை என்பது விவகாரம். வாதாட வக்கீல்கூட இல்லாமல் ஒரு விசாரணை. தீர்ப்பு, நாடு கடத்தல். ராபன் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

கொலென்ஸோ சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தார். மோசே கணக்கைச் சரிபார்த்தாரே, அதே மாதிரி. 1874ல் லண்டனுக்கே போய் மந்திரியிடம் முறையிட்டார். நேட்டால் கவர்னர் பைன் திருப்பி அழைக்கப்பட்டார்.

பைபிளில் தப்பு கண்டுபிடித்தபோது கூட நின்ற வெள்ளைக்காரர்கள், கறுப்பருக்கு நியாயம் கேட்டதும் விலகிப் போனார்கள். நெருங்கிய நண்பர் தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோன் உள்பட. 1879ல் ஜூலு தேசத்தின் மீது படையெடுத்தபோதும் பிஷப் எதிர்த்துத்தான் பேசினார்.

1883ல் காலமானார். ஜூலுக்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சோபந்து. ஜனங்களின் தகப்பன் என்று அர்த்தம். பிறகு ஜூலு ராஜா தினுஸுலுவுக்காக வழக்குகளில் அலைந்தவர், பிஷப்பின் மகள் ஹாரியட்.