ஏரி ஊராயிற்று, ஊர் யாருக்காயிற்று?

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறைபோல் வளைந்து கிடந்தது ஒரு நெடிய ஏரி. அதன் மேற்கே இருப்புப்பாதை. அப்பாதைக்கு அப்பால் மாம்பலம் என்னும் பழைய ஊர். கிழக்கே மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. வளர்ந்து வந்த சென்னை குடியிருக்க இடம் தேடிற்று. 1920-களில் ஏரி வடிக்கப்பட்டது. நீர் நின்ற இடத்தில் தெருக்கள் நீண்டன. அதுவே தியாகராய நகர்.

செய்தது யார்? நீதிக் கட்சி ஆட்சி! நகரமைப்புச் சட்டம் 1920-இல் பிறந்தது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நாளில் திட்டம் உருவெடுத்தது. 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரை ஊர் ஏற்றது. பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, நாயர் சாலை என்று எங்கு திரும்பினும் நம் வரலாறு. நாவில் பாண்டி பஜார் என வழங்கும் கடைவீதியோ, 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெருமை கொள்கிறோம். ஆயினும், முன்னோர் செய்தார் என்பதற்காகவே போற்றுவது புராணிகர் போக்கு. ஆராய்ந்து போற்றுவதே பகுத்தறிவாளர் பண்பு. எனவே ஆராய்வோம்.

பழைய ஊரமைப்பில் பிறப்பே முகவரி. அக்கிரகாரம் நடுவிலே, சேரி எல்லைக்கு வெளியிலே! புதிய நகரிலோ மனை விலைக்கு வந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடலாயிற்று. வண்டி வந்தது, வாங்குவோர் வந்தனர், வணிகம் வளர்ந்தது. வீடும் கடையும் ஒரே சாலையில் தோளோடு தோள் நின்றன. அது பழுதன்று, நடந்து சென்று வாங்கவும் உழைக்கவும் வாய்ப்பளிப்பதே நல்ல நகரம்.

பழுது வேறிடத்தில் இருக்கிறது. ஒன்று, நீர். ஏரியை நாம் மறந்தோம், மழை மறக்கவில்லை. பெருமழை பெய்யும் ஆண்டுகளில் தாழ்ந்த தெருக்களில் அது தன் பழைய இடத்தைக் கேட்டு வந்து நிற்கிறது. மற்றொன்று, பணம். சாதி காத்த வாயிலில் பணப்பை காவல் நின்றது. தோட்டத்தோடு வீடெடுக்க வல்லவருக்கு மனை. அவ்வீட்டைக் கட்டிய கொத்தனுக்கு?

இக்கேள்விக்கு விடை காண முயன்றதும் நம் இயக்கமே. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பது அன்றைய நோக்கு. பின்னர் அந்நோக்கு தேய்ந்தது. 2000-இல் கண்ணகி நகர் எழுந்தது. நகரின் நடுவில் உழைத்தவர் நகரின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலை தொலைவாயிற்று!

இன்று மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் வழித்தடத்தில் பனகல் பூங்காவும் ஒரு நிலையம். நிலையம் வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். மாடிக்கு மேல் மாடி ஏறும். பழங்குடியிருப்பினர் அஞ்சுகின்றனர்: குடிநீர் போதுமா, சாக்கடை தாங்குமா, நிழல் மறையுமா என்று. அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் 'யாரும் வரவேண்டா' என்பது அதற்கு மருந்துமன்று. நிலையத்தருகே உயரட்டும், பழைய தெருவை நெருங்க நெருங்கக் கட்டடம் தணியட்டும். மாடி எழுமுன் வடிகால் அமையட்டும்.

அதனினும் முதன்மையான ஒன்றுண்டு. ரயில் போடுவது பொதுப்பணம். அதனால் ஏறும் விலை முழுவதும் மனைக்காரருக்கே உரியதாவது எந்த நீதி? எழும் மாடிகளில் ஒரு பங்கு, அக்கடைகளில் உழைப்போருக்குக் குறைந்த வாடகை வீடாக வேண்டும் எனச் சட்டம் செய்யக் கேட்போம். நாள் முழுதும் நின்று சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு அமரும் உரிமையை 2021-இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. இருக்கை தந்தோம், இருப்பிடம் தரவேண்டாவா?

தோழர்களே! சாலைக்குத் தலைவர் பெயர் சூட்டுவது எளிது. அச்சாலையில் உழைப்பவன் குடியிருக்க வழி செய்வதே அப்பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.