தொட்டிலும் மாத்திரையும்

நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. தொட்டில், பிள்ளை பிறந்தபின் வரும் தீர்வு. கருவுற்றவளின் முடிவுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது: மருத்துவர் ஏற்றால், பதினெட்டு நிரம்பியவளின் சம்மதமே போதும், கணவன், பெற்றோர் கையொப்பம் வேண்டியதில்லை. ஆயினும் கருத்தடை பொய்த்தது என்னும் காரணத்தை மணமானவளுக்கு மட்டுமே அது அளித்தது. மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை 2002-இலேயே இந்தியாவில் அனுமதி பெற்றது. மணமாகாதவளுக்கு அக்காரணம் கிட்டியதோ 2021 திருத்தத்தில்தான். கலிபோர்னியாவில் 2023 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களின் மாணவர் மருத்துவ மையங்களே இம்மாத்திரையைத் தரவேண்டும் என்பது சட்டம். இங்கே மாணவி தனியே மருத்துவரைத் தேடவேண்டும். தன் கையொப்பமே போதுமென்பதைத் திருச்செங்கோட்டு விடுதியில் தங்கிப் படிப்பவளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?