அதிர்வு மாதிரி ஒப்பீடு

அதிர்வு மாதிரி ஒப்பீடு என்பது ஒரு கட்டமைப்பு எப்படி அதிரும் என்று கணினி மாதிரி சொல்வதை, அதே கட்டமைப்பைச் சோதனைக்கூடத்தில் அதிர வைத்து அளந்த தரவோடு பொருத்திப் பார்க்கும் பொறியியல் முறை. விமானம், ஏவூர்தி, செயற்கைக்கோள், பாலம், கார் உடற்கூடு ஆகிய துறைகளில் இது வழக்கமான வேலை.

ஒப்பிடப்படுபவை இயல்பு அதிர்வெண்களும் அதிர்வு வடிவங்களும். அதிர்வின் மூன்றாவது பண்பான தணிப்பை மாதிரியால் முன்கூட்டிச் சொல்ல முடிவது அரிது. பெரும்பாலும் சோதனையில் கிடைத்த மதிப்பையே மாதிரிக்குள் இடுகிறார்கள். ஆகவே தணிப்பு பொருந்துகிறது என்று மகிழ்வதில் பொருளில்லை.

அதிர்வெண்களை மட்டும் வரிசையாக அடுக்கி ஒப்பிடுவது ஆபத்தானது. ஐரோப்பிய நாடுகளின் வானூர்தி ஆய்வுக் கூட்டமைப்பான கார்ட்டியருக்காகப் பிரான்சின் ஒனேரா நிறுவனம் 1990களில் செய்த அலுமினியச் சோதனை விமானம் இதற்கு நல்ல சான்று. இறக்கை 2 மீட்டர், உடல் 1.5 மீட்டர், எடை ஏறத்தாழ 44 கிலோ. இதன் இரண்டு முறுக்க அதிர்வுகளும் ஒரு வளைவு அதிர்வும் 33 முதல் 36 ஹெர்ட்சுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. மாதிரியில் இவற்றின் வரிசை மாறிவிட்டால் வளைவை முறுக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு, பிழை 5 விழுக்காட்டுக்குள் இருப்பதாக அறிக்கை எழுதிவிடலாம்.

எனவே முதலில் வடிவங்களை இணை சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்மாங், பிரவுன் ஆகியோர் 1982இல் வெளியிட்ட 'மேக்' எண் இதற்குப் பயன்படுகிறது. இரு வடிவங்களின் உட்பெருக்கத்தை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு வடிவமும் தன்னோடு தரும் உட்பெருக்கங்களின் பெருக்குத்தொகையால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கிடைக்கும். 0.9க்கு மேல் இருந்தால் இரண்டும் ஒரே வடிவம் என்பது நடைமுறை வழக்கம். இதையும் கண்மூடி நம்பக் கூடாது. பெரிதாக அசையும் இடங்களே எண்ணைத் தீர்மானிக்கின்றன. இணைப்பின் அருகே உள்ள சிறு பிழை அதில் தெரியாது. இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் முடுக்கமானிகளை ஒட்டினால் முறுக்கமும் வளைவும் ஒரே மேல்கீழ் அசைவாகப் பதியும். அப்போது வெவ்வேறு வடிவங்களுக்கும் மேக் எண் உயர்ந்துவிடும்.

பொருந்தாதபோது மாதிரியைத் திருத்துகிறார்கள். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் விறைப்பில் 10 விழுக்காட்டுப் பிழை அதிர்வெண்ணில் சுமார் 5 விழுக்காடாகத் தெரியும். நிறையைத் தராசிலேயே சரிபார்த்துவிடலாம். ஐயத்துக்குரியவை பெரும்பாலும் திருகாணி இணைப்புகளும் தாங்கிகளும்தான். அவற்றை விட்டுவிட்டு அலுமினியத்தின் மீள்மையைக் கூட்டிக் குறைத்தாலும் அதிர்வெண்கள் பொருந்திவிடும். மாதிரி மட்டும் பொய்யாகவே இருக்கும்.

இப்பொய்யைக் கண்டுபிடிக்க, திருத்தத்தில் பயன்படாத தரவு வேண்டும். கார்ட்டியர் விமானத்தை வைத்துப் பின்னர் நடந்த ஐரோப்பிய ஒப்பீட்டு ஆய்வில், திருத்தத்துக்கு எடுத்துக்கொண்ட அதிர்வெண் எல்லைக்கு அப்பால் உள்ள அதிர்வுகளையும், விமானத்தில் கூடுதல் நிறையைப் பொருத்தினால் வரும் மாற்றத்தையும் மாதிரி முன்கூட்டிச் சொல்கிறதா என்று சோதித்தார்கள்.