சிரிப்புக்குள் அகப்பட்ட பேச்சு

மனோரமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே எண்ணிக்கை வந்துவிடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், ஐந்து முதல்வர்களோடு நடித்தவர், கின்னஸ் பதிவு. 2015 அக்டோபரில் அவர் இறந்தபோதும் இந்தக் கணக்குத்தான். கணக்கு பொய்யல்ல. ஆனால் அவர் பேசிய மொழிக்குத் தமிழ்ச் சினிமா எந்த இடத்தைக் கொடுத்தது என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் காரணம் உண்டு. அண்ணா பிறந்த ஊர் இது. அவருடைய நாடகங்கள் மேடைக்கு ஒரு தமிழைத் தந்தன: அடுக்குமொழி, தர்க்கம், எழுத்துச் சுத்தம். தலைப்பில் 'வேலைக்காரி' இருந்தாலும் ஊரே கைதட்டியது ஆனந்தனின் வாதாடும் பேச்சுக்குத்தான். 1937இல் மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் மேடையேறிய கோபிசாந்தா, மனோரமாவாகி, அந்தத் தமிழிலும் தேறினார். அண்ணாவோடு நடித்தார். எஸ்.எஸ். ராஜேந்திரன் குழுவில், கருணாநிதியின் 'மணிமகுடம்' நாடகத்தில் கதாநாயகி.

1958இல் 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. 'கொஞ்சும் குமரி' (1963) போன்ற விதிவிலக்கு தவிர நாயகி வேடம் இல்லை. வசனத் தமிழ் நாயக நாயகியருக்குப் போயிற்று. வீட்டு வேலை செய்பவளும் கிராமத்துக்காரியும் பேசுகிற தமிழ் இவருக்கு வந்தது. இதைச் சரிவு என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டு நூல் சுற்றிக்கொண்டே டிவி பார்க்கும் என் அத்தை, மனோரமா வந்தால் "நம்மள மாதிரியே பேசுது பாரு" என்பாள். அண்ணாவின் வசனத்தைக் கைதட்டிக் கேட்டவள்தான் அவளும். ஆனால் அதில் அவள் பேச்சு இல்லை.

சரி, என்ன விலைக்கு? உழைக்கும் பெண்ணின் பேச்சு சிரிப்பாகத்தான் திரைக்குள் நுழையலாம் என்பது நிபந்தனை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாதசுரமும் பரதமும் உன்னதம். ஜில் ஜில் ரமாமணியின் டிராமா கேலிக்குரியது. இயக்கிய ஏ.பி. நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். ஆக, நாடகத்திலிருந்து வந்த இருவர் சேர்ந்து நாடகத்தைக் கேலிப்பொருளாக்குகிறார்கள். ஆனால் சண்முகசுந்தரத்தின் மேல் ரமாமணிக்குள்ள அன்பு வெளிப்படும் இடங்களில் பேச்சு அதே கொச்சைதான்; நம் சிரிப்புதான் நின்றுபோகிறது. எழுதப்பட்ட நிபந்தனையை நடிகை மீறுகிற இடம் இது.

'புதிய பாதை' (1989) படத்துக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது வந்தது, 2002இல் பத்மஸ்ரீ. 'ஆச்சி' என்ற பெயரும் நிலைத்தது. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அந்தச் சீமைக்குப் பிழைக்க வந்த ஒரு தாயின் மகளுக்கு அது பட்டமாயிற்று. ஆளுக்கு மரியாதை செய்தாயிற்று. அவர் பேசிய பேச்சுக்கு? வேலைக்காரி வாயைத் திறந்தால் சிரிக்கத் தயாராகிவிடும் நம் காது இன்னும் மாறியதாகத் தெரியவில்லை.

எல்லோரும் சிரிக்கிற காட்சிகளில் அத்தை சிரிப்பதில்லை. நூலை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.