இருபது மில்லிமீட்டர் மனிதர்கள்

மாதிரி இரயில்களின் வரலாறு பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாதையின் அகலம், சக்கரம், மின்னோட்டம் ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம் நடைமேடையில் நிற்கும் சிற்றுருவங்களுக்குக் கிடைக்கவில்லை. அவை காட்சியை நிரப்ப வந்தவை என்பதே பொது எண்ணம். அவ்வெண்ணத்தைச் சற்று ஐயுற்றுப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் ஒரு சொல். நிலக்காட்சி ஓவியத்தில் இடம்பெறும், ஆனால் அதன் பொருளாக அமையாத மனித உருவங்களை ஜெர்மானியர் 'ஷ்டஃபாஜெ' என்பர். அழகுபடுத்துதல், அணிசெய்தல் என்னும் பொருள்படும் வினையோடு பிரெஞ்சு விகுதியை ஒட்டி ஆக்கிய சொல் இது. நிலக்காட்சியை ஒருவர் தீட்ட, அதில் உருவங்களை மட்டும் வேறொரு ஓவியர் வரைந்து சேர்க்கும் வழக்கமும் ஐரோப்பாவில் இருந்தது. கட்டடக்கலை மாதிரிகளில் நிறுத்தப்படும் உருவங்களுக்கும் இச்சொல் வழங்குகிறது. மனிதனை அணிகலனாகக் கருதும் பார்வை சொல்லிலேயே பதிந்திருக்கிறது.

இனித் தொழில்நுட்பம். 1859இல் ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் பொம்மை வீட்டுக்கான தகரச் சமையற்கலங்கள் செய்யத் தொடங்கியது மெர்க்லின் நிறுவனம். 1891இல் லைப்சிக் சந்தையில் வரையறுத்த பாதை அகலத்துடன் கூடிய பொம்மை இரயிலை அது காட்சிக்கு வைத்தது. ஆயினும் அக்கால இரயில்கள் விளையாட்டுப் பொருள்களே. வண்டிக்கும் மனிதனுக்கும் கண்டிப்பான விகிதம் ஏதுமில்லை. 'அரைச் சுழியம்' எனப்படும் 1:87 அளவு இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்ற பின்னரே அவ்விகிதம் கட்டாயமாயிற்று. 174 செ.மீ. உயரமுள்ள மனிதர் இவ்வளவில் சரியாக 20 மில்லிமீட்டர் ஆவார். 1949இல் தொடங்கிய ப்ரைசர் போன்ற நிறுவனங்கள் இவ்வுருவங்களைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தன.

நெகிழி அச்சு வந்ததும் உருவம் மலிந்தது. கூடவே பொதுமையும் வந்தது. 'பயணிகள்', 'இரயில்வே பணியாளர்', 'தண்டவாளத் தொழிலாளர்', 'அமர்ந்திருப்போர்' என விற்பனைப் பட்டியல்கள் வகை பிரித்தன. மொழியியலில் இதனைக் 'குறியற்ற வடிவம்' எனலாம். எண்ணோ பாலோ சிறப்பாகச் சுட்டப்படாத சொல்லைப் போல, 'பயணி' என்ற உருவம் எந்த ஊரினர், எந்த ஆண்டினர் என்பதைச் சொல்வதில்லை. அந்தக் குறியை இடுவதே உருவத் திருத்தம்.

திருத்தும் முறை எளியது. பொறுமையையே அது வேண்டுகிறது. கூரிய கத்தியால் தோளிலோ இடுப்பிலோ அறுத்து, கோணத்தை மாற்றி, பாலிஸ்டைரீனைச் சற்றே உருக்கும் பசையால் மீண்டும் ஒட்டுவர். ஓர் உடலில் மற்றோர் உருவத்தின் தலையைப் பொருத்துவர். பசையில் நனைத்த மெல்லிய தாள் பாவாடையாகவோ சேலையாகவோ மாறும். எபாக்சிக் கலவையில் தொப்பி, மூட்டை, தலைப்பாகை பிறக்கும். இறுதியில், நீர்த்த கரும்பழுப்பு வண்ணம் மடிப்புகளில் இறங்கி நிழல் தரும்.

இத்திருத்தத்தில் வரலாறு எங்கே நுழைகிறது? இரண்டு நிலையங்களை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, 1964 செப்டம்பர் 10ஆம் நாள், கொலோன் நகரின் டாய்ட்ஸ் நிலையம். ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளிலிருந்து சிறப்பு இரயில்களில் தொழிலாளர் வந்திறங்கினர். அவர்களுள் அர்மாண்டோ ரோட்ரிகஸ் என்னும் தச்சர், மேற்கு ஜெர்மனிக்கு வந்த பத்து இலட்சமாவது 'விருந்தினர் தொழிலாளி' என வரவேற்கப்பட்டு, மொபெட் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். தொப்பி அணிந்து அதன்மேல் அமர்ந்திருக்கும் அவரது ஒளிப்படம் ஜெர்மானிய நினைவில் நிலைத்துவிட்டது. அக்காட்சியை அமைப்பவர் அவரைச் செதுக்குவது கடினமன்று, படம் இருக்கிறது. அதே வண்டியில் வந்து பரிசு பெறாமல் வரிசையில் நகர்ந்தவர்களே சிக்கல். அவர்களை எத்தனை பேராக, எந்த உடையில், எந்த முகத்தோடு நிறுத்துவது? பட்டியலிலுள்ள 'பயணிகள்' பெட்டியைப் பிரித்து அப்படியே ஒட்டினால், வேலை தேடி வந்தவர் சுற்றுலா வந்தவராகிவிடுவார்.

மற்றொன்று, மகாராட்டிரத்தின் மசூர் நிலையம், 1901. தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவன் அம்பேத்கர், தமையனோடும் அக்காள் மக்களோடும் அங்கு இறங்கிக் காத்திருந்தார். நல்லுடை உடுத்தியிருந்த அப்பிள்ளைகளை நிலைய அதிகாரி பிராமணப் பிள்ளைகள் என்றே எண்ணினார். மகர் என அறிந்ததும் திகைத்து விலகிப்போனார். அம்பேத்கர் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது.

இக்காட்சியைச் சிற்றுருவங்களால் அமைக்க முடியுமா? ஆடையைத் திருத்திப் பயனில்லை. ஆடை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம். இங்கே அறுத்து ஒட்ட வேண்டியது பிள்ளைகளின் உருவத்தையன்று, அதிகாரியின் கழுத்தையும் பாதங்களையும்தான்: உடல் ஒரு பக்கம் திரும்ப வேண்டும், கால் பின்வாங்க வேண்டும். அவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் வெற்று நடைமேடை விடப்பட வேண்டும். சாதியை இவ்வளவில் காட்ட வல்லது அந்த இடைவெளி ஒன்றே.

எனவே உருவத் திருத்தத்தைப் பொழுதுபோக்கின் கைவேலை என்று ஒதுக்கிவிட இயலாது. எவர் நிறுத்தப்படுகிறார், எவர் விடுபடுகிறார், எவர் எவரிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று தீர்மானிப்பவர், அறிந்தோ அறியாமலோ, சமூக வரலாறு எழுதுகிறார். அருங்காட்சியக மாதிரிகளை ஆராயும் மாணவர்கள் எஞ்சினின் எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், நடைமேடையில் நிற்போரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் 'பாவை' பொம்மையையும் குறிக்கும், கண்மணியையும் குறிக்கும். இலத்தீனிலும் கண்மணிக்குரிய சொல் 'சிறு பொம்மை' என்பதிலிருந்தே வந்தது. எதிரே நிற்பவரின் சிற்றுருவம் கண்ணுக்குள் தெரிவதால் அமைந்த பெயர் அது. தொடர்பற்ற இரு மொழிகளும் காணப்படும் சிற்றுருவத்துக்கும் காணும் கண்ணுக்கும் ஒரே பெயரை இட்டிருக்கின்றன. இது குறித்துத் துறைசார் நண்பர்களின் கருத்தை அறிய விழைகிறேன்.